நச்சு வாயுவுக்குச் சிவப்புக் கோடு; பீரங்கிக் குண்டுக்கு?

ஜுரு: சிரியாவில் பஷார் அல்-அசாட் ஆட்சி 2024 டிசம்பரில் கவிழ்ந்ததைத் தொடர்ந்து, அங்கு மிச்சமிருக்கும் இரசாயன ஆயுதங்களைத் தேடும் பணி மீண்டும் தொடங்கியுள்ளது. அதோடு ஒரு பழைய கேள்வியும் திரும்பியிருக்கிறது. ஒரு நாட்டின் உள்நாட்டுப் போரில் வெளிநாடுகள் எப்போது தலையிடலாம்? ஜுருவிலிருந்து சிரியா தூரம்தான். ஆனால் இலங்கைப் போரைப் பார்த்த தமிழர்களுக்கு இந்தக் கேள்வி தூரமானதல்ல.

இரசாயன ஆயுதம் பயன்படுத்தினால் அது சிவப்புக் கோட்டைத் தாண்டுவதாகும் என்று 2012 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஒபாமா எச்சரித்தார். ஓராண்டு கழித்து, 2013 ஆகஸ்டு 21-ஆம் தேதி, டமாஸ்கஸ் அருகே கூட்டா பகுதியில் சாரின் வாயு வீசப்பட்டது. இறந்தவர்கள் 1,429 பேர் என்றது அமெரிக்கா. பிரிட்டிஷ் நாடாளுமன்றமோ இராணுவ நடவடிக்கையை 285-க்கு 272 வாக்குகளில் நிராகரித்தது. இறுதியில் குண்டு விழவில்லை. ரஷ்யா இடையில் வந்தது, ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2118-ஆம் தீர்மானத்தின் கீழ், சிரியா அறிவித்த சுமார் 1,300 டன் இரசாயனங்கள் நாட்டை விட்டு அகற்றப்பட்டன.

அதன் பிறகும் வாயுத் தாக்குதல் நிற்கவில்லை. இம்முறை குளோரின். ஜுரு, பிறை தொழிற்பேட்டைகளில் வேலை செய்வோருக்கு அது புதிய பெயரல்ல. குழாய் நீரைச் சுத்திகரிப்பதும் அதுதான். வைத்திருப்பது குற்றமில்லை, ஆயுதமாக்கினால் குற்றம் என்பதால் பிடிப்பது கடினம். 2017 ஏப்ரலில், கான் ஷேக்கூனில் மீண்டும் சாரின் வீசப்பட்ட பின், அமெரிக்கா 59 ஏவுகணைகளை வீசியது. மறு ஆண்டே டூமாவில் குளோரின் விழுந்தது. ஏவுகணைகளைவிடச் சோதனையாளர்கள் அதிகம் சாதித்தார்கள் என்பதே இந்தக் கணக்கு காட்டும் உண்மை, அவர்களுக்குப் பின்னால் ஏவுகணை மிரட்டல் இருந்தது என்றாலும்.

இலங்கைக்கு வருவோம். 2009-இல் வன்னியில் மக்களைக் கொன்றது பெரும்பாலும் பீரங்கி. அரசாங்கமே அறிவித்த பாதுகாப்பு வலயங்களுக்குள் குண்டுகள் விழுந்தன. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டை ஒதுக்கிவிட முடியாது என்று 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. அங்கே யாரும் சிவப்புக் கோடு போடவில்லை. சாரினில் இறந்த குழந்தைக்கு ஒரு நியாயம், எறிகணையில் இறந்த குழந்தைக்கு இன்னொரு நியாயமா?

இரசாயன ஆயுதத்தில் தமிழர் தரப்பும் முழுக்கக் கை கழுவிவிட முடியாது. 1990 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் கிரான் இராணுவ முகாம் மீது விடுதலைப் புலிகள் குளோரின் வாயுவைப் பயன்படுத்தியதை ஆயுத ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பேசப் பிடிக்காத செய்திதான்.

அப்படியானால் வெளிநாட்டுப் படை வந்திருந்தால் சரியாகியிருக்குமா? வந்ததே! 1987 ஜூலை ஒப்பந்தத்தின்படி மாலை மரியாதையோடு வரவேற்கப்பட்ட இந்திய அமைதிப்படை, அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டது. 1990 மார்ச்சில் வெளியேறுவதற்குள் ஏறத்தாழ 1,200 வீரர்களை அது இழந்திருந்தது. மக்களுக்குப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

வன்னியில் இல்லாமல் போனது சாட்சி. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். தலையீடு என்றால் போர் விமானம் மட்டுமல்ல. வெளியேறாமல் நின்று எண்ணிப் பதிவு செய்யும் கண்களும் தலையீடுதான்.

இதில் மலேசியாவுக்கும் பங்குண்டு. 2015 ஆகஸ்டில் பாதுகாப்பு மன்ற உறுப்பினராக இருந்தபோது, சிரியாவில் வாயு வீசியது யார் என்று கண்டறியும் விசாரணைக் குழுவுக்கு மலேசியா கை தூக்கியது. நல்ல முடிவு. இலங்கை விஷயத்திலோ, 2009 மே மாதம் ஜெனிவாவில் கொழும்புக்குச் சாதகமான தீர்மானத்தை ஆதரித்தது. 2012-இல் பொறுப்புக்கூறல் கேட்ட தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை விஸ்மா புத்ராவிடம் கேட்க நாடாளுமன்றத்தில் தமிழ் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் தோட்டத்திலும் பட்டணத்திலும் இருக்கிறார்கள்.