மந்திரித்த தண்ணீரும் மருந்திட்ட தண்ணீரும்

பல்பம் தின்கிற பிள்ளையை நமது கிராமப் பள்ளிக்கூடங்களில் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. எழுதக் கொடுத்த பல்பத்தில் பாதியை எழுதி, பாதியைத் தின்றுவிடும். பல்பம் அகப்படாவிட்டால் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டும். அதுவும் இல்லாவிட்டால் மண்ணை அள்ளித் தின்னும். வாத்தியார் துஷ்டத்தனம் என்று அடிப்பார். தாயார் கண்ணேறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள். பாட்டியோ காத்துக் கருப்பு என்று பூசாரியிடம் தூக்கிக்கொண்டு போய், வேப்பிலை போட்டு மந்திரித்த தண்ணீரை ஒரு சொம்பு வாங்கி வந்து குடிக்க வைப்பாள். பூசாரிக்குக் காணிக்கையும் கோழியும் போய்ச் சேரும். பிள்ளை மறுநாளும் பல்பம் தின்னும்.

இந்தப் பிள்ளையின் கீழ் இமையைச் சற்று இழுத்துப் பார்த்தால் பல சமயங்களில் சங்கதி விளங்கிவிடும். சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்திருக்கும். இரத்தத்தில் இரும்பு குறைந்துபோனதன் அடையாளம் அது. மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடம்பு முழுவதும் சுமந்து செல்லும் சிவப்புப் பொருள் இரும்பைக் கொண்டே உண்டாவதாகும். இரும்பு குறைந்தால் பிள்ளை ஓடினால் மூச்சு வாங்கும். வகுப்பில் தூங்கி வழியும். சொன்னது மனதில் நிற்காது.

இந்தப் பிள்ளைக்கு நமது ஆட்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ‘மக்கு’ என்று பெயர். தகப்பன் கூலிக்காரனாயிருந்தால் ‘அந்த ஜாதிக்குப் படிப்பு எங்கே வரும்?’ என்றும் சேர்த்துக்கொள்ளுவார்கள். தலையெழுத்து, பூர்வஜென்மக் கருமம், பரம்பரைப் புத்தி என்று சொல்லி நம்மை ஏய்த்து வந்த கதைகளில் எத்தனை பங்கு இரும்புச் சத்துக் குறைவு என்று யாராவது கணக்குப் பார்த்ததுண்டா? 2016 முதல் 2018 வரை சர்க்கார் இந்தியா முழுவதும் எடுத்த பரிசோதனையில், 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 24 பேருக்கும், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு 41 பேருக்கும் இரத்தசோகை இருப்பதாகக் கண்டார்கள். நாலு பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் நெற்றியில் மட்டும் பிரமன் தேடிப்பிடித்துத் தப்பாக எழுதினான் என்று எந்தச் சாஸ்திரியாவது சொல்ல முன்வருவாரா?

நிற்க, இதற்குப் பரிகாரம் என்ன? மந்திரித்த தண்ணீரில் இல்லாத ஒன்றைத் தண்ணீரில் சேர்த்துக் கொடுக்கலாம் என்பதுதான் நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். பிரேசில் தேசத்தில் டாக்டர் துத்ரா டி ஒலிவேரா என்பவரும் அவரது கூட்டத்தாரும், ஒரு குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகள் தினமும் குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் இரும்பு கரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு மாதத்தில், இரத்தத்தின் சிவப்புப் பொருள் சராசரி 10.6 கிராமிலிருந்து 13 கிராமாக ஏறியதாக 1994இல் வெளியிட்டார்கள். சுமார் முப்பது பிள்ளைகளை வைத்துச் செய்த சிறு சோதனைதான். ஆனாலும் யாரும் ஜெபிக்கவில்லை, யாருக்கும் கோழி அறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

சீன தேசத்துச் சிஞ்சியாங் மாகாணத்தில் நடந்தது இன்னும் பெரிய காரியம். அங்கே கோதான் பிரதேசத்தில் மண்ணிலேயே அயோடின் சத்து இல்லை. கழுத்தில் கழலையும், பிறக்கும்போதே மூளை வளர்ச்சிக் குறையுமாக ஜனங்கள் கஷ்டப்பட்டார்கள். 1992க்குப் பிறகு டாக்டர் டிலாங் முதலியவர்கள் வயலுக்குப் பாயும் வாய்க்கால் தண்ணீரில் அயோடின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். அது மண்ணுக்கும், பயிருக்கும், ஆட்டுக்கும், கடைசியாக மனிதனுக்கும் போய்ச் சேர்ந்தது. சிசு மரணம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கோடி அர்ச்சனையால் குறையாத சாவு ஒரு பீப்பாய் மருந்தினால் குறைந்தது என்றால், இதற்குமேல் நாம் சொல்ல என்ன இருக்கிறது?

செலவைச் சொல்லிப் பயமுறுத்தவும் இடமில்லை. நூறு பிள்ளைகள் ஆளுக்கு அரை லிட்டர் குடித்தால் ஐம்பது லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 20 மில்லிகிராம் வீதம் அதற்கு வேண்டிய இரும்பு ஒரே ஒரு கிராம். நாட்டுமருந்துக் கடையில் அன்னபேதி என்று சொல்லும் பொருளின் சுத்தமான மருந்து வகையில் சுமார் 5 கிராமில் இந்த ஒரு கிராம் இருக்கிறது. பிள்ளையார் கோயில் தேங்காய் ஒன்றின் விலைகூட இதற்கு ஆகாது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் அன்னபேதியை வாங்கித் தாமே குடத்தில் கொட்டிவிடக் கூடாது. அளவு மிஞ்சிய இரும்பு குழந்தையைக் கொன்றுவிடும்.

இங்கேதான் மந்திரித்த தண்ணீருக்கும் மருந்திட்ட தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. முன்னதைக் கேள்வி கேட்டால் பாபம். பின்னதைக் கேள்வி கேட்காவிட்டால்தான் ஆபத்து. விஞ்ஞானம் என்ற பேரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு குடிப்பதானால், பூசாரியின் இடத்தில் இன்னொரு பூசாரியை வைத்ததாகுமே தவிர வேறல்ல. ஆகவே நாமே முதலில் கேட்டுவிடுகிறோம்.

தண்ணீரில் ஏற்கனவே என்ன இருக்கிறது? தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் பாறைக்குள்ளிருந்தே புளோரைடு என்னும் பொருள் கிணற்று நீரில் கலந்து வருகிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது ஆகாது. அதைக் குடித்துத்தான் பிள்ளைகளின் பல் காவியேறியது. பெரியவர்களின் எலும்பும் வளைந்தது. அதையும் முன்வினை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2013இல் ஒகேனக்கல் திட்டத்தின்மூலம் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தது. முன்வினை குழாய்த் தண்ணீருக்குப் பயப்படும் என்று நமக்கு அப்போதுதான் தெரிந்தது! எனவே தண்ணீரைப் பரிசோதிக்காமல் அதில் ஒரு துளியும் சேர்க்கக் கூடாது.

வயிற்றில் புழு இருந்தால் என்ன செய்வது? செருப்பில்லாத காலின் வழியாக ஏறும் கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கிறது. புழுவை வைத்துக்கொண்டு இரும்பை ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் இறைப்பதாகும். 2015 முதல் பள்ளிகளில் கொடுத்துவரும் பூச்சி மாத்திரையும், கக்கூசும், காலுக்குச் செருப்பும் கூடவே வேண்டும். அன்றியும் எல்லா இரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதல்ல. மாத்திரையிலும் இரும்பு, 2021இல் அறிவித்த திட்டப்படி அரிசியிலும் இரும்பு, தண்ணீரிலும் இரும்பு என்று கணக்கில்லாமல் கொட்டுவதும் புத்திசாலித்தனமல்ல. இரத்தத்தைச் சோதித்து, மொத்தக் கணக்குப் போட்டே செய்ய வேண்டும். கீரை, பயறு, முட்டை, நெல்லிக்காய் ஆகியவற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துவிடவும் முடியாது. மருந்துத் தண்ணீரைக் காட்டிப் பிள்ளையின் சோற்றைக் குறைப்பவன் பூசாரியைவிட மோசக்காரன்.

கடைசியாக உள்ள கேள்விதான் நமக்கு முக்கியமானது. அந்தத் தண்ணீரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே குழாயில், ஒரே டம்ளரில் குடிப்பார்களா? தண்ணீரில் பொருள் சேர்ப்பது நமது தேசத்துக்குப் புதிதல்ல. 1927 மார்ச் 20ந் தேதி பம்பாய் மாகாணத்து மகாட் என்னும் ஊரில் தோழர் அம்பேத்கர் தமது மக்களோடு பொதுக்குளத்துத் தண்ணீரைக் குடித்தார். உடனே மேல்ஜாதியார் 108 குடம் பஞ்சகவ்வியத்தை அந்தக் குளத்தில் கொட்டி ‘சுத்தம்’ செய்தார்கள். அதாவது, மனிதன் கை பட்டால் அசுத்தம். மாட்டுச் சாணமும் மூத்திரமும் கலந்தால் சுத்தம்! அது அந்தக் காலம் என்று சொல்லித் தப்பவும் முடியாது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை ஜில்லா வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் தொட்டித் தண்ணீரில் மலம் கலந்திருக்கக் கண்டார்கள். அங்கேயும் முதலில் நோயில் விழுந்தவர்கள் குழந்தைகள்தான். தண்ணீரில் இரும்பைச் சேர்க்க ஒரு கிராம் போதும். மனிதனை மனிதனோடு சேர்க்க எத்தனை மணங்கு அறிவு வேண்டுமோ!

ஆகவே நாம் சர்க்காரைக் கேட்பது இதுதான். சில கிராமப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் இரத்தத்தையும் ஊர்த் தண்ணீரையும் சோதியுங்கள். சிலவற்றில் இரும்பிட்ட தண்ணீரைக் கொடுத்து, அதுபோன்ற வேறு சிலவற்றில் இப்போதுள்ள வாரமொரு மாத்திரையை மட்டும் கொடுத்து, ஒரு வருஷம் கழித்து இரண்டையும் ஒத்துப்பாருங்கள். நன்மையானாலும் தோல்வியானாலும் முடிவை ஊர்ச் சாவடியில் ஒட்டுங்கள்.

நமது தோழர்களைக் கேட்பது வேறு. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய், பிள்ளைகள் குடிக்கும் தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது, தண்ணீரைச் சோதித்த தாள் எங்கே, டம்ளர் எத்தனை, யார் யார் எதில் குடிக்கிறார்கள் என்று நாலு கேள்வி கேளுங்கள். பிறகு உங்கள் வீட்டில் பல்பம் தின்கிற பிள்ளை இருந்தால், பூசாரி வீட்டைத் தாண்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து போய் அதன் இரத்தத்தைச் சோதியுங்கள். அந்தப் பிள்ளை மக்கு அல்ல என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுமுன் நாம் முதலில் தெரிந்துகொள்ளுவோமாக.