திண்டிவனத்துக்கு வழிசொன்ன பாட்டு



கல்லூரிச் சேர்க்கை நேரம் வந்தால் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: “தமிழ் இலக்கியம் எடுத்தா பிள்ளைக்கு என்ன சார் கிடைக்கும்?” வேலைக்கான பதிலைச் சொல்லப் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ, திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலோ தமிழ் படிக்கப் போகிற பிள்ளைகளிடம் நான் சொல்ல நினைப்பது வேறு. உங்கள் பத்துப்பாட்டில் ஒரு பாட்டு, நீங்கள் பஸ் ஏறி இறங்கும் ஊர்களைப் பற்றியது.

சிறுபாணாற்றுப்படையைச் சொல்கிறேன். 269 அடி. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். பாடப்பட்டவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். பரிசில் வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனுக்கு வழிசொல்கிறான்: எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கடைசியில் கிடங்கில். எயிற்பட்டினம் மரக்காணம் பக்கம் என்றும், வேலூர் இன்றைய உப்புவேலூர் என்றும், ஆமூர் நல்லாமூர் என்றும் சொல்வோர் உண்டு. கிடங்கிலைத் தேடி அலைய வேண்டாம். திண்டிவனம் ஊருக்குள்ளேயே கிடங்கல் என்ற பெயரோடு இருக்கிறது.

ஒவ்வோர் ஊரிலும் என்ன சாப்பாடு என்பதையும் அந்தப் பாணன் விடவில்லை. கடற்கரையில் சுட்ட மீன். வேலூரில் எயினர் வீட்டுப் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும். ஆமூரில் உலக்கைப் பூண் தேயத் தேயக் குத்திய அரிசிச் சோறும் நண்டும். நெய்தல், முல்லை, மருதம் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் திணைப் பாகுபாடு இங்கே இலை போட்டுப் பரிமாறப்படுகிறது!

ஆனால் இந்தப் பாட்டில் என்னை நிறுத்துவது விருந்து அல்ல, பரிசில் கிடைப்பதற்கு முன்பு அந்தப் பாணனின் வீட்டு அடுக்களை. குட்டி போட்ட நாய்க்கு மடியில் பால் இல்லை. கண் திறக்காத குட்டிகள் முட்டுவது பொறுக்காமல் குரைக்கிறது. சுவர் பழசு, கூரை இற்றுவிட்டது. கரையான் அரித்த மண்ணில் காளான் பூத்திருக்கிறது. வீட்டுக்காரி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் சாப்பிடுகிறார்கள். ஆற்றுப்படை என்றால் வள்ளலைப் புகழும் இலக்கிய வகை என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். புகழ் எடுபடுவது இந்தச் சாத்திய கதவினால்தான் என்பேன். நூலின் வகை தெரிந்தால்தான், புலவர் இதை ஏன் இங்கே வைத்தார் என்று கேட்கத் தோன்றும்.

இலக்கணமும் நம் ஊர்ப்பக்கம் வந்து போயிருக்கிறது. திசைச்சொல் வழங்கும் பன்னிரு நிலங்களைத் தொல்காப்பிய உரைகாரர்கள் பட்டியலிடும்போது, திருக்கோவலூரைச் சுற்றிய மலாட்டையும் அருவா நாட்டையும் சேர்க்கிறார்கள். ஓய்மாநாடு அருவா நாட்டின் பகுதி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சிறுகுளத்தைக் ‘கேணி’ என்பது அருவா நாட்டு வழக்கு என்கிறது உரை. சிறுபாணாற்றுப்படை வேலூரைச் சொல்லும் இடத்தில் கேணிதான் வருகிறது. இதையே சான்றாக நான் நீட்ட மாட்டேன், பிற சங்கப் பாடல்களிலும் அந்தச் சொல் உண்டு. ஆனாலும் உரையையும் பாட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அன்று ராத்திரி தூக்கம் வராது.

நம் பக்கத்துப் பாட்டி “வந்துகினு இருக்கான்” என்றால் பேரன் முகம் சுளிக்கிறான். ‘வந்துகொண்டு’ என்பதில் உள்ள அதே கொள் என்னும் துணைவினைதான் அந்தக் ‘கினு’வில் தேய்ந்து கிடக்கிறது. தெற்கே போனால் ‘வந்துக்கிட்டு’. பாட்டி இலக்கணம் தப்பவில்லை, அவருக்குத் தெரிந்த இலக்கணம் பேரனின் புத்தகத்தில் அச்சாகவில்லை, அவ்வளவுதான். விருத்தாசலம் பக்கத்து எழுத்தாளர் கண்மணி குணசேகரன் தனியாளாக நடுநாட்டுச் சொல்லகராதி ஒன்றைத் தொகுத்தார். பல்கலைக்கழகத் துறைகள் செய்திருக்க வேண்டிய வேலை அது.

இனி உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊருக்கு ஓர் ஆற்றுப்படை எழுதி அனுப்புங்கள். செஞ்சியில் இருந்தோ மயிலத்தில் இருந்தோ வளவனூரில் இருந்தோ கிளம்பலாம். பணம் இல்லாமல் வரும் ஒருவருக்கு வழிசொல்லுங்கள்: எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், யார் வீட்டில் சோறு கிடைக்கும், என்ன குழம்பு. உரைநடையாகவே இருக்கட்டும், இரண்டு பக்கம் போதும். விடுகதையும் பழமொழியும் சேர்ந்து வந்தால் இன்னும் நல்லது. பிசி, முதுசொல் என்று தொல்காப்பியர் அவற்றுக்கும் பாட்டு, உரை வரிசையிலேயே இடம் கொடுத்திருக்கிறார். வீட்டில் பேசுகிறபடியே எழுதுங்கள். ‘கினு’வை எங்கள் மெய்ப்புத் திருத்துநர் தொட மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்