ஜப்பான் தோட்டத்துக்கு இஎம்ஐ எதுக்கு? கொடைக்கானல் பஸ் இருக்கே!

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்லை, டேர்ம் இன்சூரன்ஸும் இல்லை. கல்லு, மணல், டீ. பயப்படாதீங்க, கணக்கும் வரும்.

ரீல்ஸைத் திறந்தாலே கியோட்டோதான். பாசி படர்ந்த தோட்டம், மூங்கில் குழாயில சொட்டுற தண்ணி, கிமோனோ போட்டவங்க மெதுவா கலக்கிக் கொடுக்குற பச்சை டீ. கீழேயே ஒரு விளம்பரம்: "இப்போ போங்க, அப்புறம் கட்டுங்க." ஆபீஸ்ல நாள் முழுக்க மீட்டிங்ல உக்கார்ந்துட்டு வர்றவனுக்கு அந்த அமைதி மேல ஆசை வர்றது நியாயம்தான். அந்த ஆசையை நான் குறை சொல்லப் போறதில்லை. அதுக்குக் கடன் வாங்குறதைத்தான் சொல்லப் போறேன்.

என் சித்தி மகன் சென்னையில வேலை பாக்குறான். கையில வர்ற சம்பளம் 38,000. எங்க குடும்பம் கழுகுமலைப் பக்கம் கரிசக்காட்டுக் குடும்பம். மழை பேஞ்சாதான் உளுந்து, மழை பேஞ்சாதான் மக்காச்சோளம். சித்தி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போறாங்க. மாசம் பிறந்தா நிச்சயமா வர்ற பணம்னா வீட்டுல இவன் சம்பளம் ஒண்ணுதான். ஜப்பான் போக 2 லட்சம் பர்சனல் லோன் போடப் போறேன்னு என்கிட்ட கணக்குக் கேட்டான்.

14 சதவீத வட்டி, 24 மாசம்னு வெச்சுக்கோங்க. இஎம்ஐ சுமார் 9,600. மொத்தமா கட்டுறது ஏறக்குறைய 2,30,500. வட்டி மட்டும் 30,000-க்கு மேல. ப்ராசசிங் ஃபீஸ், அதுக்கு ஜிஎஸ்டி, கார்டு தேய்ச்சா ஃபாரெக்ஸ் மார்க்கப் எல்லாம் தனி. டூர் பேக்கேஜ்ல போனா டிசிஎஸ்னு ஒரு தொகையை முன்னாடியே பிடிச்சுக்குவாங்க. ரிட்டர்ன் ஃபைல் பண்ணி சரிக்கட்டிக்கலாம், ஆனா அதுவரைக்கும் அது உங்க கையில இல்லாத பணம்.

அதே 9,600-ஐ 24 மாசம் ஆர்டி-ல போட்டா, 6.5 சதவீதத்துல சுமார் 2,46,000 கையில நிக்கும். ரெண்டு வழியிலயும் மாசாமாசம் போற பணம் ஒண்ணுதான். ஒரு வழியில இப்பவே போய்ட்டு வந்து ரெண்டு வருஷம் கட்டுறீங்க. இன்னொரு வழியில ரெண்டு வருஷம் பொறுத்து, 46,000 கூடுதலா வெச்சுக்கிட்டுப் போறீங்க. நடுவுல ஒரு வருஷம் மழை பொய்ச்சா ஆர்டியை உடைக்கலாம். இஎம்ஐயை உடைக்க முடியாது.

"அண்ணே, ரெண்டு வருஷம் வரைக்கும் என்ன பண்றது?"னு கேட்டான். நல்ல கேள்வி. இந்தப் பதிவே அதுக்குத்தான்.

முதல்ல, நம்ம ஆசைப்படுற பொருள் என்னன்னு பாப்போம். ஜப்பான்ல கரேசன்சுயினு ஒரு தோட்ட வகை இருக்கு. தண்ணியே இல்லாத தோட்டம். வெள்ளைச் சரளையைப் பரப்பி, வாருகோலால கோடு இழுத்து அலை மாதிரி காட்டுவாங்க. கியோட்டோ ரியோஆன்ஜி கோயில்ல இருக்குறதுதான் இதுல ரொம்பப் பிரபலம். மொத்தம் 15 கல்லு. திண்ணையில எங்க உக்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது கண்ணுக்கு மறைஞ்சிடும். இன்னொரு உத்தி ஷக்கெய். "கடன் வாங்கிய காட்சி"னு அர்த்தம். தூரத்துல இருக்குற மலையைத் தோட்டத்தோட பின்னணியா சேர்த்துக்குறது. கியோட்டோ என்த்சூஜி தோட்டம் ஹியேய் மலையை இப்படித்தான் வாங்கி வெச்சிருக்கு. நான் இந்த பிளாக்ல மனசார சிபாரிசு பண்ற ஒரே கடன் இதுதான், வட்டி கிடையாது.

டீ விஷயம் இன்னும் சுவாரஸ்யம். இப்போ நாம பாக்குற டீ செரிமனிக்கு உருவம் கொடுத்தவர் சென் நோ ரிக்யூ (1522–1591). அவர் காலத்துல பெரிய இடத்து ஆளுங்களுக்கு டீங்கறது சீனாவுல இருந்து வந்த விலை உயர்ந்த சாமான்களைக் காட்டுற இடம். ரிக்யூ அதைத் திருப்பிப் போட்டார். சாதாரணமா வனைஞ்ச கிண்ணம், மூங்கில்ல வெட்டின பூக்குழாய், ரெண்டே பாய் விரிக்குற அளவு அறை. அந்த மாதிரி ஒரு அறை, தாய்யான், கியோட்டோ பக்கம் யமசாகியில இன்னும் இருக்கு. உள்ள போற வாசல் அவ்வளவு சின்னது, யாரா இருந்தாலும் குனிஞ்சு தவழ்ந்துதான் நுழையணும். சாமுராய் வாளை வெளியே வெச்சிட்டு வரணும். அதே நேரத்துல அவரோட எஜமான் ஹிதெயோஷி, தங்கத்தகடு அடிச்ச ஒரு டீ அறை செஞ்சு, கழட்டி மாட்டி ஊர் ஊராக் கொண்டு போனார். கடைசியில ஹிதெயோஷி உத்தரவு போட்டதால 1591-ல ரிக்யூ வயித்தைக் கிழிச்சுக்கிட்டு சாக வேண்டியதாச்சு. காரணம் என்னன்னு இன்னைக்கும் வாதம் ஓடுது.

ரிக்யூ வழியில எல்லாமே மலிவுன்னும் நினைக்காதீங்க. எளிமையான கிண்ணமும் பின்னாடி பெரிய விலைக்குப் போச்சு. எளிமையையும் சந்தை விடுறதில்லை. ஆனா அடிப்படை இதுதான்: கொஞ்சமா வெச்சுக்கிட்டு முழுசா கவனிக்குறது. அதை 24 தவணையில வாங்கப் போறது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையா இருக்கு.

சரி, பக்கத்துல எங்க? கொடைக்கானல் மலையில ஏறும்போது, ஊருக்குக் கொஞ்சம் முன்னாடியே பெருமாள்மலை வரும். அங்க போதி ஸெண்டோனு ஒரு ஜென் தியான மையம் இருக்கு. ஆரம்பிச்சது ஆமா சாமி என்கிற அருள் மரிய ஆரோக்கியசாமி. பர்மாவுல பிறந்த தமிழர், இயேசு சபைப் பாதிரியார். ஜப்பான்ல காமகுராவுக்குப் போய் யமாடா கோஉன் என்ற குருகிட்ட ஜென் படிச்சு, கத்துக்கொடுக்க அனுமதி வாங்கிட்டு வந்தவர். 1996-ல இந்த மையம் வந்துச்சு. கட்டிடத்துக்கு நடுவுல சரளையும் கல்லுமா ஜப்பான் பாணித் தோட்டம். சுத்திப் பழனி மலை, அதாவது ஷக்கெய் இலவசம்.

கோவில்பட்டியில இருந்து மதுரை, அங்கிருந்து கொடைக்கானல் பஸ். கட்டணம் சில நூறு ரூபாயில முடிஞ்சிடும். ஆனா இது டூரிஸ்ட் ஸ்பாட் இல்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கிட்டுத்தான் தங்கப் போகணும். பேச்சு குறைவு, குறிச்ச நேரத்துக்குத் தியானம், கொஞ்சம் உடல் உழைப்பு. ரீல்ஸ் எடுக்கணும்னா வேற இடம் பாருங்க.

சென்னையில இருக்குறவங்க ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தைக் கவனிச்சுக்கிட்டே இருங்க. ஜப்பானிய மொழி வகுப்பு நடத்துறாங்க, கலாச்சார நிகழ்ச்சிகளும் நடக்கும். மொழியைக் கொஞ்சம் படிச்சு வெச்சா ரெண்டு வருஷம் கழிச்சுப் போற டிரிப்புக்கும் ஆகும், ரெஸ்யூமேலயும் ஒரு வரி கூடும்.

கழுகுமலைக்காரங்களுக்குத் தனியா ஒண்ணு. டீக்கடை கிளாஸும் டீ செரிமனியும் ஒண்ணுதான்னு நான் ஜல்லியடிக்க மாட்டேன், ஒண்ணு இல்லை. ஆனா நம்ம மலையில 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில் இருக்கு. ஒரே பாறையை மேலிருந்து கீழா குடைஞ்சு, முடிக்காமலே விட்டது. மேல விமானத்துல தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார், கீழ பாறை அப்படியே நிக்குது. அந்தப் பக்கம் சமணத் தீர்த்தங்கரர் வரிசை, அடியில வட்டெழுத்து. ஐப்பசி மழைக்குப் பிறகு சாயங்காலம் ஏறி உக்காருங்க. கீழ கரிசக்காடு பச்சையா விரிஞ்சு கிடக்கும். போனை சைலண்ட்ல போட்டு 40 நிமிஷம். அதுவே முடியலைன்னா ரியோஆன்ஜி திண்ணையிலயும் முடியாது, அங்கயும் போன்தான் எடுப்பீங்க.

தம்பி லோனை இன்னும் போடலை, விடவும் இல்லை. முதல்ல 6 மாசச் செலவு எமர்ஜென்சி ஃபண்ட், அதுக்குப் பிறகு ஜப்பான் ஆர்டி, நடுவுல ஒரு பெருமாள்மலைன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். உங்க வீட்டுலயும் நிச்சய வருமானம் நீங்க ஒரு ஆள்தான்னா, இதே வரிசையில போங்க. வீட்டுல வேற சம்பளமும் இருந்து, எமர்ஜென்சி ஃபண்டும் ரெடின்னா ஆர்டியை இந்த மாசமே ஆரம்பிக்கலாம். டிரிப்புக்குச் சேர்க்குற பணத்தை ஆர்டியில போடுறதா, லிக்விட் ஃபண்டுல போடுறதான்னு அடுத்த வீடியோவுல பாப்போம். கொடைக்கானலுக்கு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க, அங்க போய் வாங்குனா டபுள் விலை.