காப்புக்கும் சூதுக்கும் இடையே

2025 டிசம்பரில் டாலரின் மதிப்பு முதன்முறையாக 90 ரூபாயைக் கடந்தபோது, ஏற்றுமதியாளர்கள் அனைவரும் மகிழ்ந்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். அப்படியல்ல. டாலர் 86, 87 ரூபாயாக இருந்தபோதே, பின்னாளில் வரவிருக்கும் டாலரை இன்ன விலைக்கு விற்கிறோம் என்று வங்கியுடன் முன்பேர ஒப்பந்தம் செய்துகொண்டவர்களும் அவர்களில் உண்டு. பேசிய விலைக்கே அவர்கள் டாலரைக் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் செய்யாத பக்கத்து ஆலைக்காரர் கூடுதலாகப் பெறுவதைப் பார்க்கும்போது, தாம் ஏமாந்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றுவது இயல்பே.

அந்த எண்ணம்தான் ஆபத்தானது. நட்டத்தைத் தடுக்கச் செய்த ஏற்பாட்டை இலாபம் தரவில்லையே என்று குறை கூறத் தொடங்கும் நிறுவனம், அடுத்த முறை இலாபம் தருவதாகச் சொல்லும் ஏற்பாட்டைத் தேடும். அதை விற்பதற்கு ஆள்கள் ஆயத்தமாக இருப்பார்கள்.

டெரிவேட்டிவ் என்ற சொல் அச்சமூட்டினாலும் அதன் அடிப்படை நமக்குப் புதிதன்று. அறுவடைக்கு முன்பே மண்டியில் விலை பேசிவிடும் விவசாயி செய்வதும் அதுவே. விலை ஏறினால் அவருக்கு வருத்தம்; இறங்கினால் நிம்மதி. எப்படியானாலும் விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடனை அடைத்துவிட முடியும் என்ற உறுதிதான் அவர் பெறுவது.

பின்னலாடை ஏற்றுமதியாளர் ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். 10 இலட்சம் டாலர் மதிப்புள்ள சரக்கை அனுப்புகிறார். பணம் வர மூன்று மாதமாகும். டாலர் 90 ரூபாய் என்றால் வரவேண்டியது 9 கோடி. நூற்றுக்கு ஐந்து இலாபம் என்று வைத்துக்கொண்டால் 45 இலட்சம். இந்த மூன்று மாதத்தில் டாலர் 88 ரூபாய்க்கு இறங்கினால் 20 இலட்சம் குறையும். ஏறத்தாழ பாதி இலாபம் போய்விடும். தையற்கூடத்தில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. அதனால்தான் முன்பேர ஒப்பந்தம் அவருக்கு ஆடம்பரமல்ல.

2007-இல் நடந்தது வேறு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர், ஆண்டு இறுதிக்குள் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. திருப்பூர் உள்ளிட்ட ஏற்றுமதி மையங்கள் திணறின. அந்த நேரத்தில் சில வங்கிகள் புதுவகை ஒப்பந்தங்களுடன் நிறுவனங்களை அணுகின. டாலருக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும், டாலருக்கும் ஜப்பானிய யென்னுக்கும் இடையிலான மதிப்பை வைத்து எழுதப்பட்டவை அவை. டாலர் குறிப்பிட்ட எல்லைக்குள் நிற்கும்வரை நிறுவனத்துக்குச் சிறு தொகை கிடைக்கும். எல்லையை ஒருமுறை தொட்டுவிட்டாலும், பெருந்தொகையைப் பாதகமான விலையில் வாங்கியோ விற்றோ தீர வேண்டும்.

ஆடைக்கு விலையாக டாலரைப் பெறும் நிறுவனத்துக்கும் சுவிஸ் ஃபிராங்குக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். எழவில்லை, எழுந்த இடங்களிலும் 'கட்டணம் இல்லை' என்ற சொல் அதை அடக்கிவிட்டது. ஆப்ஷன் என்பது ஒருவகைக் காப்பீடு. அதற்குக் கட்டணம் உண்டு. கட்டணம் கேட்காமல் ஒருவர் காப்பீடு தருகிறார் என்றால், நாமே அவருக்கு வேறொரு காப்பீட்டை விற்றிருக்கிறோம் என்று பொருள். வகுப்பில் மாணவர்கள் இதை ஒரே பாடவேளையில் புரிந்துகொண்டுவிடுவார்கள். நிறுவன இயக்குநர் கூட்டங்களில் அது ஏன் அவ்வளவு கடினமாகிறது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

2007-இன் நடுவில் டாலர் ஒன்றுக்கு 1.20 ஃபிராங்குக்கு மேல் இருந்த மதிப்பு, 2008 மார்ச்சில் 1 ஃபிராங்குக்கும் கீழே சரிந்தது. எல்லைகள் உடைந்தன. ஆண்டு முழுவதும் ஈட்டிய இலாபத்தை விஞ்சும் நட்டங்களைப் பல நிறுவனங்கள் எதிர்கொண்டன.

வழக்குகள் வந்தன. கோவையைச் சேர்ந்த ராஜஸ்ரீ சுகர்ஸ் நிறுவனத்துக்கும் ஆக்சிஸ் வங்கிக்கும் இடையிலான வழக்கில், 2008 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி சூது ஒப்பந்தம் செல்லாது. இதுவும் சூதே என்பது நிறுவனத்தின் வாதங்களுள் ஒன்று. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டத்தின் பார்வையில் அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். கையொப்பமிட்டவர் நட்டம் வந்தபின் விலகிக்கொள்ளலாம் என்றால் எந்த ஒப்பந்தமும் நிற்காது. ஆனால் பொருளியலின் பார்வையில் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மேசையின் ஒருபுறம் கணித மாதிரிகளுடன் வங்கியின் வல்லுநர்கள். மறுபுறம் நூல் விலையையும் சாயச் செலவையும் மட்டுமே அறிந்த கணக்காளர். இதைச் சமமானவர்களின் பேரம் என்று கூறிவிட முடியுமா? டெரிவேட்டிவ் விதிகளை மீறியதற்காக 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அபராதம் விதித்தது. ஒவ்வொன்றுக்கும் சில இலட்ச ரூபாய் மட்டுமே.

அதன் பிறகு விதிகள் இறுகின. இன்று சிறு பயனாளர்களுக்கு முன்பேர ஒப்பந்தம், எளிய ஆப்ஷன், ஸ்வாப் போன்றவற்றையே வங்கிகள் விற்கலாம். காப்பு எடுக்காத அந்நியச் செலாவணிக் கடனுள்ள நிறுவனங்களுக்குக் கடன் தரும் வங்கிகள் கூடுதல் ஒதுக்கீடு செய்ய வேண்டும் என்று 2014-இல் ஆணை வந்தது. 2013 மே மாதத்தில் 55 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் ஆகஸ்டில் 68 ரூபாயைத் தாண்டியபோது கற்ற பாடம் அது.

வட்டி இடரைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கவலைக்குரியது. அதைப் பற்றிப் பேசுவோரும் குறைவு. 2019 அக்டோபர் முதல் குறு, சிறு தொழில்களுக்கான புதிய மாறும் வட்டிக் கடன்கள் ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோல்களுடன் இணைக்கப்பட்டன. வட்டி குறையும்போது பயன் விரைவாகக் கிடைக்கும் என்பது நோக்கம். கிடைக்கவும் செய்தது. ஆனால் 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ 4 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாக உயர்ந்தபோது, 50 இலட்சம் கடன் வைத்திருந்த பட்டறைக்காரருக்கு ஆண்டுக்கு 1.25 இலட்சம் வரை கூடுதல் சுமை. பெரு நிறுவனம் என்றால் வட்டி ஸ்வாப் மூலம் மாறும் வட்டியை நிலை வட்டியாக மாற்றிக்கொள்ளும். பட்டறைக்காரரிடம் அப்படி ஒன்று இருப்பதையே யாரும் சொல்வதில்லை. இடரைத் தாங்கும் வலு குறைந்தவர் தலையில் அது முழுதாக இறங்குகிறது.

நாணயக் காப்பிலும் இதே இடைவெளி உள்ளது. சாதாரண முன்பேர ஒப்பந்தத்துக்குக்கூட வங்கி தனியாகக் கடன் வரம்பையோ முன்வைப்புத் தொகையையோ கேட்கிறது; நடைமுறை மூலதனத்துக்கே தவிக்கும் சிறு நிறுவனம் அதற்கு எங்கே போகும்? வங்கி வைத்துக்கொள்ளும் விலை வேறுபாடும் சிறியவருக்கே அதிகம். அதைக் குறைக்க 2019-இல் எஃப்எக்ஸ்-ரீடெயில் என்ற இணையவழிச் சந்தை தொடங்கப்பட்டது. கிளை மேலாளர்கள் அதைத் தாமாக எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்க இயலாது. அதனால் குறைவது அவர்கள் வங்கியின் வருவாய்.

ஒப்பந்தத்தின் இடர்களை வாடிக்கையாளருக்கு வங்கி விளக்க வேண்டும் என்ற விதி 2007-இலேயே இருந்தது. விளக்கம் பல பக்க ஆங்கில ஆவணத்துக்குள் இருந்தால் அது விளக்கமாகாது. டாலர் இரண்டு ரூபாய் ஏறினால் என்ன, ஐந்து ரூபாய் ஏறினால் என்ன, அதே அளவு இறங்கினால் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்பதைத் தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி, கையொப்பத்துக்கு முன் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிடலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை.