‘ஊகிக்கப்படுகிறது’ - யாரால்?

பத்திரிகை மொழியில் ‘ஊகிக்கப்படுகிறது’ என்பதைப் போன்று வசதியான சொல் வேறில்லை. ஊகிப்பவர் யார், எதனை ஆதாரமாகக் கொண்டு ஊகிக்கிறார் என்ற இரு கேள்விகளையும் அது ஒருங்கே மறைத்துவிடுகின்றது. ‘நம்பப்படுகிறது’, ‘சந்தேகிக்கப்படுகிறது’ என்பனவும் அதே இனத்தவையே. ஆசிரியபீடத்தில் நாமும் இவற்றை எத்தனையோ தடவைகள் அனுமதித்திருக்கின்றோம்.

ஊகத்தையும் அனுமானத்தையும் இன்று ஒரே பொருளில் வழங்குகின்றோம். தர்க்க நூலோர் அனுமானத்திற்கு ஓர் ஏதுவை வேண்டினர். மலையில் புகை கண்டு நெருப்புண்டு எனத் துணிவது அனுமானம். புகையே இல்லாதவிடத்தும் ஊகம் எழும். (தொல்காப்பிய மரபியலில் வரும் ‘ஊகம்’ ஒருவகைக் குரங்கு, அது வேறு சொல்தான், எனினும் கிளைவிட்டுக் கிளை தாவும் குணம் பொருந்தவே செய்கின்றது.)

2018 பெப்ரவரியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் பரிமாறப்பட்ட உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் கூறப்பட்டது. அரச பகுப்பாய்வாளரின் பரிசோதனையில் அது வெறும் மாக்கட்டி எனத் தெரியவந்தது. ஆனால், அம்முடிவு வெளிவருமுன்னரே உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன.

2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் சூடு தணியாத நிலையில், 4,000 சிங்களத் தாய்மாருக்கு மருத்துவர் ஒருவர் இரகசியமாகக் கருத்தடை செய்தார் எனச் சிங்கள நாளிதழ் ஒன்று முதற்பக்கத்தில் செய்தி வெளியிட்டது. குருணாகல் வைத்தியசாலையின் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் ஓரிரு தினங்களிற் கைதானார். நூற்றுக்கணக்கான முறைப்பாடுகள் பதிவாகின. குற்றச்சாட்டை நிரூபிக்கச் சான்றில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஜூன் மாதத்தில் நீதிமன்றுக்கு அறிவித்தது. எனினும் ஜூலையிலேயே பிணை கிடைத்தது. அந்த 4,000 என்ற எண்ணை எண்ணியவர் எவர்?

தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்வனுபவம் வேறொரு சொல்லால் பழக்கமானது: ‘சந்தேகத்தின் பேரில் கைது’. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவு, அமைச்சர் ஒருவரைச் சந்தேகிக்கக் காரணமிருந்தாலே தடுத்துவைக்கும் கட்டளையை அவர் பிறப்பிக்க இடமளித்தது. அத்தடுப்புக்காவல் 18 மாதங்கள்வரை நீடிக்கலாம் என்றிருந்தது; 2022 திருத்தத்தில் அது 12 மாதங்களாயிற்று. தடுத்துவைக்கப்பட்டவர் முதல்நாட் செய்தியில் ‘சந்தேகநபர்’. மூன்றாம் நாள் ‘பயங்கரவாதி’. ஆண்டுகள் கழித்து அவர் விடுவிக்கப்படும்போது, அச்செய்தி உட்பக்கத்தில் நான்கு வரிகளில் வெளிவருகின்றது. அதனையும் நாமே அச்சிடுகின்றோம்.