சிவப்பு எங்கே போயிற்று?

மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளைக் காட்டும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். திருத்தப்படாத படமானால் காட்சி முழுவதும் நீலமும் பச்சையுமாகவே தெரியும். சிவப்பு எங்கே போயிற்று?

நீர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் உட்கவர்வதில்லை. அலைநீளம் மிகுந்த சிவப்பையே முதலில் உட்கவர்கிறது. தெளிந்த கடலிலும் பத்து மீட்டர் ஆழத்திற்குள் அதன் பெரும்பகுதி மறைந்துவிடும். எஞ்சிய சிறிதளவு சிவப்பைப் பெருக்கிக் காட்டுவதே நிறத் திருத்தம்.

இங்கே ஒரு சிறு கணக்கு. 8 பிட் பதிவில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகள். 12 பிட் பதிவில் 4096. சிவப்பு பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டதாகக் கொள்வோம். எளிய கணக்கின்படி முன்னதில் 16 படிகளே மிஞ்சும். பின்னதில் 256 மிஞ்சும். 16 படிகளை இழுத்துப் பெருக்கினால் படம் பட்டை பட்டையாகத் தெரியும். 256 படிகள் இருந்தால் நிறம் சீராக வரும்.

இத்தகைய வசதி ஒரு காலத்தில் பெரிய படநிலையங்களுக்கே உரியதாயிருந்தது. டாவின்சி என்ற நிறத்திருத்தக் கருவியின் விலை லட்சக்கணக்கான டாலர்! 2001-இல் ஆஸ்திரேலியாவில் கிராண்ட் பெட்டி தொடங்கிய பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம், அதைத் தயாரித்த நிறுவனத்தை 2009-இல் வாங்கியது. 2011-இல் அம்மென்பொருளின் ஒரு வடிவத்தை இலவசமாகவே வழங்கியது. 2012-இல் 12 பிட் பதிவு செய்யும் காமிரா ஒன்றை 2,995 டாலர் விலையில் அறிவித்தது. தனிக் கருவிகள் செய்த வேலையைக் கணிப்பொறியின் படச் செயலியே செய்யத் தொடங்கியது இம்மாற்றத்திற்கு முக்கியக் காரணம். காமிராவின் விலை பள்ளிகளுக்கு இன்னும் எட்டாததுதான். மென்பொருளுக்கோ திறன்மிக்க கணிப்பொறி ஒன்று போதும்.

ஆனால் கருவி மலிந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. 2010-இலும் 2016-இலும் கடல்நீர் சூடேறி, இவ்வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தன. அத்தகைய பவளத்தின் படத்தில் சிவப்பை மிகையாக ஏற்றினால், அது நலமாக இருப்பதுபோல் தோன்றும். அழகான படம்தான், ஆனால் பொய்யான படம். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. பவளத்தின் அருகில், அதே ஆழத்தில், ஒரு வெள்ளைப் பலகையையும் சேர்த்துப் படமெடுக்க வேண்டும். பலகை வெள்ளையாகத் தெரியும் வரை திருத்தலாம், அதற்குமேல் கூடாது. சோதனைச் சாலையில் அளவியின் சுழிப்பிழையைச் சரிபார்க்கிறோம் அல்லவா? இதுவும் அதுபோன்றதே.

பாம்பனில் 2016-இல் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. ஒலியில் முடிந்தது ஒளியிலும் முடியாதா? தேசியப் பூங்காவின் தீவுகளுக்குச் செல்ல அனுமதி வேண்டும். கரையிலோ படமெடுக்க எவ்வளவோ இருக்கிறது: பாசி எடுக்கும் பெண்கள், வலையில் சிக்கும் உயிரினங்கள், ஒதுங்கும் பவளத் துண்டுகள். இராமநாதபுரம் கடற்கரைப் பள்ளிகளின் அறிவியல் மன்றங்கள் கைபேசியைக் கொண்டே இப்பணியைத் தொடங்கலாம். ஒவ்வொரு படத்துடனும் நாள், நேரம், இடம் ஆகியவற்றையும், செய்த திருத்தத்தையும் குறித்து வையுங்கள். பத்தாண்டுகள் கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் கேட்கக்கூடிய முதற் கேள்விகள் அவைதாம்.