பேச்சை உடைத்தால் கவிதையா?

ஃபில் ரிஸூட்டோவைப் பற்றி இலக்கியவாதிகள் பேசத் தொடங்கினால் அந்தப் புத்தகம் வந்து சேராமல் இருப்பதில்லை. நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் ஆட்டங்களை நாற்பது ஆண்டுகள் வர்ணனை செய்தவர் அவர். அந்தப் பேச்சை எழுத்தில் பெயர்த்து, வரிகளாக உடைத்து, தலைப்புகளிட்டு, 1993இல் டாம் பேயரும் ஹார்ட் சீலியும் கவிதைத் தொகுப்பாக வெளியிட்டார்கள். வேடிக்கைக்காகச் செய்த காரியம். அதில் அன்பும் இல்லாமலில்லை. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு, உளறுவாயனுக்குள் ஒரு கவிஞன் ஒளிந்திருந்தான் என்று வியக்கிறார்களே, அவர்களோடுதான் என் சண்டை.

ரிஸூட்டோ ப்ரூக்ளின் டிராம் ஊழியர் ஒருவரின் மகன். உயரம் 5 அடி 6 அங்குலம். இளமையில் ஆட்டத் தேர்வுக்குப் போனபோது, ஷூ பாலிஷ் போடும் பெட்டியை வாங்கிக்கொள் என்று கேஸி ஸ்டெங்கல் தன்னை விரட்டியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பின்னாளில் அதே ஸ்டெங்கலின் கீழ்தான் 1949 முதல் 1953 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடினார்; 1950இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார். 1956 ஆகஸ்டில், பழைய ஆட்டக்காரர்களைக் கொண்டாடும் நாளன்று, அணியிலிருந்து யாரை நீக்கலாம் என்று நிர்வாகம் அவரிடமே யோசனை கேட்டது. அவர் சொன்ன பெயர்களையெல்லாம் தட்டிக் கழித்த பின்பே நீக்கப்படவிருப்பது தான்தான் என்று அவருக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டு மைக்கின் முன் அமர்ந்தவர் 1996 வரை அங்கிருந்தார்.

எண்பதுகளின் நியூ ஜெர்சியில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆட்டம் மும்முரமாக இருக்கும். அவரோ முன்பின் அறியாத ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பார். ரசிகர்கள் அனுப்பிய கன்னோலி இனிப்பைப் புகழ்வார். இடி இடித்தால் பயப்படுவார். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் நெரிசல் சேருமுன் வீடு போய்ச் சேர, ஆட்டம் முடியும்வரை காத்திராமல் கிளம்பிவிடுவார். கவனிக்கத் தவறிய ஆட்டத்துக்கு நேரே ஸ்கோர் புத்தகத்தில் 'டபிள்யூ டபிள்யூ', அதாவது 'பார்க்கவில்லை', என்று குறித்துக்கொள்வார். பொறுப்பின்மை என்று ஆட்டத் தூய்மைவாதிகள் இதைக் கண்டித்தார்கள். பார்க்காததைப் பார்த்ததுபோல எழுதும் விமர்சகர்கள் மலிந்த உலகில் வாழும் நாம் அந்த இரண்டு எழுத்துகளுக்குத் தலைவணங்க வேண்டாமா?

தூய்மைவாதி அவரை இகழ்கிறான். கவிதை ரசிகன் புகழ்கிறான். இருவருக்கும் அடிப்படை ஒன்றே: அந்தப் பேச்சு, பேச்சாக மட்டும் இருந்தால் மதிப்பற்றது. ஒருவனுக்கு அது தகவலாக வேண்டும், மற்றவனுக்கு அச்சடித்த கவிதையாக வேண்டும். ரிஸூட்டோவின் கலை இவ்விரண்டுக்கும் வெளியே இருந்தது. அவர் ஒரு கதையைத் தொடங்குவார். பந்து மட்டையில் படும் ஓசை அதை வெட்டும். 'ஹோலி கௌ' என்று கூவிவிட்டு, பந்து அடங்கியதும் விட்ட இடத்தைத் தேடித் திரும்புவார். சில நாள் திரும்பாமலே போவார். எந்தக் கணத்திலும் குறுக்கிடக்கூடிய பந்தை வைத்துக்கொண்டு கதை சொல்வதுதான் அங்கே நிகழ்ந்த வித்தை. வரிகளாக உடைத்து அச்சிட்டால் குரல் போகிறது, பந்தின் ஓசை போகிறது, காத்திருப்பும் போகிறது. எஞ்சும் விசித்திரத்தைக் கண்டு நாம் சிரிக்கிறோம்.

1995 ஆகஸ்டில் அவருடைய பழைய சகா மிக்கி மேண்டில் இறந்தார். இறுதிச் சடங்கு டல்லஸில் நடந்த நாளில் ரிஸூட்டோ பாஸ்டனில் வர்ணனை செய்ய வேண்டியிருந்தது. அங்கே இருக்க வேண்டிய தான் இங்கே இருக்கிறோமே என்ற வேதனை தாளாமல், ஆட்டத்தின் நடுவிலேயே எழுந்து போய்விட்டார். பதவி விலகுவதாக அறிவித்து, பிறகு ஒரே ஒரு பருவத்துக்குத் திரும்பி வந்தார். ஓயாமல் பேசியவர் பேச முடியாமல் எழுந்து போன அந்த வெற்றிடத்தை எந்த வரியில் உடைத்து எந்தத் தலைப்பிடுவீர்கள்?

1994இல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது, பதின்மூன்று பருவங்கள் ஆடியதற்காக. நாற்பது ஆண்டுகள் பேசியதற்கு, வர்ணனையாளர்களுக்கென்றே இருக்கும் ஃபோர்ட் ஃப்ரிக் விருது அவருக்கு வழங்கப்படவில்லை. 2007இல் அவர் மறைந்தார். அவரைக் கவிஞராக்குவதில் காட்டும் உற்சாகத்தில் பாதியையேனும், அவர் பேச்சைப் பேச்சாகவே கேட்பதில் காட்டலாம். பழைய ஆட்டங்களின் ஒலிப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அச்சிட்ட பக்கத்தை மூடிவிட்டு ஓர் இன்னிங்ஸ் கேளுங்கள்.